கடைமடையிலிருந்து நடக்கத் தொடங்குங்கள்

வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்குப் புதிதாக வரும் யாரும் முதலில் கேட்பது, "தலையில எவ்வளவு தண்ணி வருது?" என்றுதான். நான் அவர்களை நேராகக் கடைமடைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். தலைமடையில் நிறைய வருவதற்கு மழையும் ஓடையும் காரணம். கடைசி வயல்வரை வந்து சேர்வதற்குத்தான் நம் வேலை காரணம். அந்தக் கடைசி மடையில் ஒரு கல்லை நட்டு, அதில் அளவுக்கோடு போட்டு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று எழுதி வந்தாலே வாய்க்காலின் பாதி நோய் தெரிந்துவிடும்.

இதை நான் கற்றது ராஜஸ்தானில். பிகானேர் பக்கம், இந்திரா காந்தி கால்வாயின் கிளை ஒன்றிலிருந்து குடிநீர்த் தேக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு திட்டத்தில் ஓவர்சியராகப் பல வருடம் இருந்தேன். ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபின், இங்கே பழனிமலையின் மேல்மலையில் எங்கள் ஊர்ப் பொதுவாய்க்காலைப் பார்க்கும் குழுவில் சேர்ந்துகொண்டேன். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் படிக்கட்டு வயல்களுக்கு ஓடைத்தண்ணீரைக் கொண்டுபோகும் வாய்க்கால் அது. ஓர் ஆள் தாண்டிவிடும் அகலம்தான்.

பாலைவனத்துக்கும் நம் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பிகள் கேட்கிறார்கள். கொடைக்கானலில் ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் மழை. ஜெய்சல்மேரில் 200 மி.மீ. அளவுதான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மாசி, பங்குனியில் ஓடை இளைத்ததும் இங்கேயும் கடைசி வயல்காரர் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த நாட்களில் எங்கள் வாய்க்காலும் பாலைவனக் கால்வாய்தான். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்களை நாம் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கால்வாயின் அளவைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் இடத்துக்குக் கீழே ஹரிக்கே தடுப்பணை. அங்கே புறப்பட்டு 204 கி.மீ. ஊட்டுக்கால்வாயாகவும், அப்புறம் 445 கி.மீ. பிரதானக் கால்வாயாகவும், மொத்தம் 649 கி.மீ. ஓடி ஜெய்சல்மேர் மாவட்டத்தில் மோகன்கட் பக்கம் முடிகிறது. தலையில் விநாடிக்கு 18,500 கன அடி தாங்கும்படி வடிவமைத்தார்கள். பிகானேர் சமஸ்தானத்தின் பொறியாளராக இருந்த கன்வர் சேன் 1948-இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1958 மார்ச் 31-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1961 அக்டோபர் 11-இல் முதல் தண்ணீரைத் திறந்துவைத்தவர், அப்போது குடியரசுத் துணைத்தலைவராக இருந்த நம் ராதாகிருஷ்ணன். பிரதானக் கால்வாயின் கடைசிவரை தண்ணீர் போய்ச் சேர்ந்தது 1987 ஜனவரியில். கட்டிக்கொண்டே போனதால் முதல் திறப்புக்கும் கடைமடைக்கும் இடையில் 25 வருடம்.

கட்டி முடித்த பிறகும் தூரம் தூரம்தான். தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் போகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 86 கி.மீ. 649 கி.மீ.யைக் கடக்க ஏழரை நாள். இன்று கடைசியில் தண்ணீர் குறைகிறது என்றால், அதற்கான காரணம் போன வாரம் மேலே நடந்திருக்கிறது. இன்று மேலே ஷட்டரைக் கூடுதலாகத் திறந்தால் அது அடுத்த வாரம்தான் இங்கே தெரியும். அதற்குள் பொறுமை இழந்து இன்னும் கொஞ்சம் திறப்பவர், அடுத்த வாரம் கரை வழிவதைப் பார்ப்பார். பெரிய கால்வாயை ஓட்டுவதில் பாதி வேலை, திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். எங்கள் மலை வாய்க்காலிலும் இதே கணக்கு உண்டு. நாட்களுக்குப் பதில் மணி. ஈரமாக இருந்தால் ஒன்றரை மணி, காய்ந்து கிடந்தால் மூன்று மணி. இந்த இரண்டு எண்ணையும் முதலில் அளந்து எழுதி வையுங்கள். இது தெரியாமல் முறை போட்டால் சண்டைதான் மிஞ்சும்.

முறை என்று சொன்னதும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே வந்தபின் நான் பார்த்த பெரிய வருத்தம் இதில்தான் இருந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரம் என்று முறைத்தண்ணீர் உண்டு. பெரியவர்கள் காலத்தில் நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்து, வாய்க்கால் நெடுக நடந்து, தண்ணீர் வயலைத் தொட்டதும் நேரத்தைக் கணக்கு வைத்தாராம். அவருக்குப் பிறகு யாரும் அந்த வேலைக்கு வரவில்லை. போனில் மணி பார்த்துத் தலைமடை திறந்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓட ஆரம்பித்தது. கடைசி வயலில் பூண்டு போட்டிருந்த அம்மா ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார்:

"அண்ணே, எனக்கு மூணு மணி நேரம்னு எழுதியிருக்கீங்க. தண்ணி என் வயலுக்கு வந்து சேரவே ஒன்றரை மணி நேரம் போயிருது. நான் பாய்ச்சுறது மிச்ச நேரம்தான்."

"நீ சொல்றது சரிதாம்மா. அந்த நேரத்தை உன் கணக்குல எழுதக் கூடாது" என்றேன்.

ராஜஸ்தானில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வாராபந்தி என்று பெயர். வாரத்தின் 168 மணி நேரத்தையும் அந்த வாய்க்காலில் உள்ள நிலங்களுக்கு ஏக்கர் கணக்கில் பிரிப்பார்கள். ஆனால் நேரடியாகப் பிரிப்பதில்லை. காய்ந்த வாய்க்காலை நிரப்பிக்கொண்டு தன் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒருவருக்கு ஆகும் நேரத்தை 'பராயி' என்று தனியாகச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அடுத்தவர் முறை தொடங்கி மேலே அடைத்த பிறகும் வாய்க்காலில் மிச்சமிருந்து வழிந்து வரும் தண்ணீரை அனுபவிப்பவருக்கு 'ஜராயி' என்று நேரத்தைக் கழிக்கிறார்கள். எல்லோருடைய பராயியையும் கூட்டி, அதில் ஜராயியைக் கழித்து, வருவதை 168-இலிருந்து எடுத்துவிட்டு, மீதி மணி நேரத்தைத்தான் மொத்த ஏக்கருக்கும் பங்கு போடுவது. இன்னொன்றும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை முறையைப் பன்னிரண்டு மணி நேரம் நகர்த்திவிடுவார்கள். போன வருடம் இரவு விழித்துப் பாய்ச்சியவருக்கு இந்த வருடம் பகல். இரவுமுறை ஒருவர் தலையிலேயே நிரந்தரமாக விழாது.

இதை அப்படியே எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தோம். பராயிக்கு நிரப்பு நேரம், ஜராயிக்கு வடி நேரம் என்று பெயர் வைத்தோம். கூட்டத்தில் தலைமடைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், மறைப்பதற்கில்லை. ஆனால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், காய்ந்த வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது ஒவ்வொரு மடையைத் தொடும்போதும் ஒருவர் சத்தமாக மணி சொல்ல, இன்னொருவர் நோட்டில் எழுதினார். கண்ணால் பார்த்த பிறகு அந்த எண்களோடு யாரும் வாதாடவில்லை. இரவுமுறையை மாற்றுவதற்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது: இங்கே இருட்டில் வயலுக்குப் போனால் காட்டுமாடு நிற்கும். ஆகவே இரவுமுறைக்கு இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும், பக்கத்து வயல்காரர் துணைக்கு வர வேண்டும் என்று எழுதிக்கொண்டோம்.

அடுத்தது கசிவு. பாலைவனக் கால்வாய் என்றதும் எல்லோரும் வெயில் தண்ணீரைக் குடித்துவிடும் என்றுதான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் வாய்க்கால். கடும் கோடையில் ஒரு நாளைக்கு 10 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தாலும் போவது 30,000 லிட்டர். லைனிங், அதாவது தரையிலும் சரிவிலும் கசிவைத் தடுக்கப் போடும் பூச்சு, இல்லாத மணல் தரையில் அதே பரப்பில் ஒரு நாளைக்குக் கால் மீட்டர் தண்ணீர் கீழே இறங்குவது சாதாரணம். அது ஏழரை லட்சம் லிட்டர். சூரியன் எடுப்பதைப்போல் இருபத்தைந்து மடங்கை மண் எடுக்கிறது. அதனால்தான் இந்திரா காந்தி கால்வாயில் சுட்ட களிமண் ஓடுகளை இரண்டு அடுக்காக சிமென்ட் கலவையில் பதித்து லைனிங் செய்தார்கள். அதற்கும் முன்பே, 1927-இல் பிகானேர் மகாராஜா கங்கா சிங் கொண்டுவந்த கங் கால்வாய்க்கு லைனிங் போட்டிருந்தார்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான பேல்தார். கால்வாய்க் கரையைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு அங்கே அந்தப் பெயர். நான் அவரைக் காகா சா என்பேன், அவர் என்னை பாபுஜி என்பார். விடியும் முன்பே கிளம்ப வேண்டும் என்பார். "வெயில் ஏறிட்டா எல்லா மணலும் ஒரே நிறம், பாபுஜி. இப்ப வாங்க." செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கரையின் வெளிப்புற அடிவாரத்தில் நடப்பார். ராத்திரி குளிர்ந்த மணல் எல்லா இடத்திலும் சில்லென்றுதான் இருக்கும். ஆனால் கசிவு உள்ள இடத்தில் பாதம் கொஞ்சம் அழுந்தும், மணல் விரலிடுக்கில் ஏறாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். திரும்பி வரும்போது சூரியன் எழுந்திருக்கும், குச்சிகளைச் சுற்றி மட்டும் மணல் கருத்துத் தெரியும். கையகல ஈரம் நேற்றைவிட இன்று பெரிதாகியிருக்கிறதா, அதிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா கலங்கலாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். தெளிந்த கசிவுக்கு அவகாசம் உண்டு. கலங்கிய கசிவு என்றால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே ஆள் சேர்த்து மூட்டை அடுக்க வேண்டும்.

மலையில் அடையாளங்கள் வேறு. வெயில் காலத்தில் வாய்க்காலுக்குக் கீழ்ப்பக்கம் ஒரு திட்டு மட்டும் பச்சையாக, புல் செழித்து நின்றால் சந்தேகப்படுங்கள். நண்டு வளையைத் தேடுங்கள். கட்டைவிரல் அளவு ஓட்டைதான், கரையின் மறுபுறம் போய்ப் பார்த்தால் கை நுழையும். எலி வளையும் அப்படித்தான். வெளிப்புறம் மண்ணை அப்பி அடைப்பதில் பயனில்லை. தண்ணீர் பக்கம் தோண்டி, வளை போகும் வழியெல்லாம் திறந்து, களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குத்தி இறுக்க வேண்டும். அடைக்க முடியாத நேரத்தில், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சாணியும் உமியும் களிமண்ணும் கரைத்து ஓட்டைக்குச் சற்று மேலே விட்டால் தண்ணீரே அதை இழுத்துக்கொண்டுபோய்த் தற்காலிகமாக அடைக்கும்.

எங்கே அதிகம் போகிறது என்று சந்தேகம் இருந்தால் தேக்கிப் பாருங்கள். நாற்பது அடி நீளத்துக்கு இரண்டு பக்கமும் மண்மூட்டையும் பாலிதீன் தாளும் வைத்து அடைத்து, வழக்கமான மட்டத்துக்குத் தண்ணீரை நிரப்பி, ஒரு குச்சியில் அடையாளம் வைத்து, மறுநாள் அதே நேரத்துக்குப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டு வையுங்கள். வாளியில் குறைந்தது ஆவியானது, வாய்க்காலில் அதற்கு மேல் குறைந்தது கசிந்தது. இப்படிப் பகுதி பகுதியாகப் பார்த்ததில் எங்கள் வாய்க்காலில் பெரும் இழப்பு ஒரே வளைவில்தான் இருந்தது. பல வருடத்துக்கு முன் வெட்டிய மரம் ஒன்றின் வேர் மக்கிப்போய், அந்தக் குழல் வழியாகத் தண்ணீர் பாறைக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. முழு வாய்க்காலுக்கும் சிமென்ட் போட வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த ஒரு வளைவுக்கு மட்டும் போட்டோம், கடைமடைக் கல்லில் மட்டம் ஏறிவிட்டது.

மரம் என்றதும் ஒரு விஷயம். நம் மலையில் யூகலிப்டஸ் என்றால் ஓடையை வற்றடித்த மரம் என்று திட்டுவோம். அங்கே கால்வாய் ஓரங்களில் அதை வேண்டுமென்றே நட்டிருக்கிறார்கள்: மணல் பறந்து விழாமல் தடுக்க ஒரு காரணம், கசிந்து தேங்கும் தண்ணீரை உறிஞ்சி எடுக்க இன்னொரு காரணம். ஹனுமான்கட் பக்கத்தில் மண்ணுக்குக் கீழே கெட்டியான ஜிப்சம் அடுக்கு இருப்பதால் பாய்ச்சிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலே ஏறி, வயல்களையும் வீடுகளையும் சதுப்பாக்கியது. சேம் என்பார்கள். வெள்ளை உப்புப் பூத்துக் கிடக்கும் நிலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் அளவுக்கு மேல் தண்ணீர் பாய்ச்சிய நிலம் அது. தலைமடையில் அதிகம் எடுத்தால் கடைமடைக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். இங்கே ஜிப்சம் இல்லை, ஆனால் மேல் வயலில் ஓயாமல் தண்ணீர் நின்றால் பூண்டு அழுகும், படிக்கட்டு வயலின் கல்சுவர் ஊறிச் சரியும்.

இனி லைனிங். கால்வாயைத் திறப்பதைவிட அடைப்பதில்தான் ஆபத்து அதிகம் என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். கால்வாய் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் லைனிங்கை வெளிப்பக்கம் அழுத்திக்கொண்டிருக்கும். லைனிங்குக்குப் பின்னால் உள்ள மண்ணும் ஊறியிருக்கும். திடீரென்று கால்வாயை வடித்துவிட்டால் உள் அழுத்தம் போய்விடும், பின்னால் ஊறிய தண்ணீர் மட்டும் அங்கேயே நிற்கும். அது ஓடுகளை உள்பக்கம் தள்ளும். வருடாந்தர அடைப்பின்போது, வேலையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும் என்ற அவசரத்தில், ஒரு கிளையை ஒரே இரவில் வடித்துவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் சரிவு நெடுக லைனிங் உப்பி, விரல் நுழையும் அளவுக்கு வெடித்து நின்றது. சரிசெய்ய வந்த வேலையைவிட அது பெரிய வேலையாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் மட்டத்தை இறக்காதே என்பது நாங்கள் வைத்திருந்த வரம்பு. ஏற்றுவதும் படிப்படியாகத்தான்.

மலை வாய்க்காலில் இதே கதை வேறு வேடத்தில் வரும். ஐப்பசி மழையில் மேட்டுப்பக்க மண் ஊறிக் கனத்து நிற்கும். அந்த நேரம் வாய்க்காலைச் சுத்தமாகக் காலி செய்து வைத்தால், மேட்டுப்பக்கச் சுவருக்கு எதிரே தாங்க ஒன்றும் இல்லை. சிமென்ட் சுவர் கட்டும்போது மேட்டுப்பக்கம் நான்கடிக்கு ஒரு கசிவுத் துளை விடுங்கள், துளைக்குப் பின்னால் சரளைக்கல் போடுங்கள். கொத்தனார் வேண்டாம் என்றாலும் விடச் சொல்லுங்கள். விரிசலுக்கு மேலே பூசிவிட்டுப் போவதும் வீண். கம்பியால் தட்டிப் பார்த்து, பொத்தென்று சத்தம் வந்தால் உடைத்து, பின்னால் உள்ள பள்ளத்தை நிரப்பிவிட்டுத்தான் பூச வேண்டும்.

தூர் வாரும்போது அளவுக்கு மேல் தோண்டிவிடுவதும் பரவலாக நடக்கிறது. ஆழமாகத் தோண்டினால் நிறைய தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை. தரை மட்டம் தலையிலிருந்து வால்வரை சீராக இறங்க வேண்டும். நடுவில் தோண்டிய இடத்தில் தண்ணீர் குளம் கட்டி, வண்டல் அங்கேயே படியும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். ஐம்பதடிக்கு ஒரு முளை அடித்து, முளையில் தரை மட்டத்தைக் குறித்துவிட்டு அப்புறம் மண்வெட்டியை எடுங்கள். வாரிய மண்ணைக் கரையின் உள்விளிம்பில் குவிக்காதீர்கள், அடுத்த மழையில் அதே மண்ணை மறுபடி வாருவீர்கள்.

ஷட்டர்களைப் பற்றி. ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே புழுதிக்காற்று அடிக்கும். ஆந்தி வந்தால் பக்கத்தில் நிற்பவர் தெரியாது. திருகு தண்டுக்கு கிரீஸ் தாராளமாகத் தடவுவதுதான் நல்ல பராமரிப்பு என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அந்தக் கிரீஸில் மணல் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு திருப்புக்கும் அது அரம் மாதிரி மரையைத் தேய்க்கும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மிக மெல்லிசாக மட்டும் தடவி, தண்டுக்கு மேலே கான்வாஸ் துணியில் உறை தைத்துப் போட்டோம். இங்கே மணல் இல்லை, துருதான் எதிரி. இங்கே கிரீஸைத் தாராளமாகவே தடவலாம். இரண்டு ஊருக்கும் பொதுவானது ஒன்று: தண்ணீர் தேவை இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒருமுறை ஷட்டரை முழுக்க ஏற்றி இறக்குங்கள். எத்தனை சுற்றில் முழுசாக மூடுகிறது என்று சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள். ஒரு நாள் இரண்டு சுற்று முன்னதாகவே நின்றால் அடியில் கல்லோ கட்டையோ சிக்கியிருக்கிறது. பலம் கொடுத்துத் திருகினால் தண்டு வளையும்.

குப்பை தடுக்கும் கம்பித் தட்டியைச் செங்குத்தாக வைக்காமல் சாய்த்து வைத்தால் வாரியால் இழுக்க எளிது. அங்கே காய்ந்த புதர், இங்கே பைன் ஊசி. பைன் ஊசி பாய் முடைந்ததுபோல் அடைக்கும், காற்றடித்த மறுநாள் காலையில் யாராவது கட்டாயம் போக வேண்டும்.

குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான் என்றால், அடைப்புக்குப் பிறகு வரும் முதல் தண்ணீரைத் தேக்கத்துக்குள் விடாதீர்கள். ராஜஸ்தானில் நஹர்பந்தி என்று வருடா வருடம் கோடைத் தொடக்கத்தில் கால்வாயை அடைத்துப் பழுது பார்ப்பார்கள். இரண்டு மாதம் வரை நீண்ட ஆண்டுகளும் உண்டு. அதற்கு முன்பே ஊர்த் தேக்கங்களை நிரப்பி வைத்துவிட வேண்டும். மறுபடி திறக்கும்போது, அத்தனை நாள் காய்ந்த தரையில் கிடந்த செத்த மீன், சாணம், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அந்த முதல் அலை உருட்டிக்கொண்டு வரும். அதைக் கீழே போகவிட்டு, தண்ணீர் நிறம் மாறிய பிறகே எங்கள் ஷட்டரைத் திறப்போம். இங்கே மருந்தடித்த வயல்களைக் கழுவிக்கொண்டு முதல் மழைத்தண்ணீர் ஓடைக்கு வருகிறது. ஊர்த் தொட்டிக்குப் போகும் வாயை அந்த நாளில் மூடி வையுங்கள் என்று எல்லா ஊருக்கும் கெஞ்சிக் கேட்கிறேன். குழந்தைகள் குடிக்கும் தண்ணீர்.

உயிர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். லைனிங் போட்ட கால்வாயின் சரிவு வெளியே நின்று பார்த்தால் சாதாரணமாக இறங்கி ஏறலாம் போலத் தெரியும். தண்ணீர்க் கோட்டில் பாசி பிடித்திருக்கும், கால் வைத்த நொடியில் வழுக்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது. குடம் மிதந்து போகிறது என்று எட்டிப் பிடிக்கப் போய் மனிதர்கள் போயிருக்கிறார்கள். நீல்காய் மானும் ஒட்டகமும் தண்ணீர் குடிக்க இறங்கி ஏற முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கரையிலும் இடைவெளி விட்டுப் படிகளும், குழாய்க்குள் தண்ணீர் நுழையும் இடங்களுக்கு முன்னால் குறுக்கே மிதவை கட்டிய கயிறும் இருக்க வேண்டும். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள்; ஓடிக் கீழே போய்க் கயிற்றை வீசுங்கள். எங்கள் வாய்க்காலில் ஆள் மூழ்கும் ஆழம் இல்லை. தொட்டியும், தடுப்பணைக்கு மேல் உள்ள மடுவும் அப்படி இல்லை. இரண்டு இடத்திலும் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

கறுப்புக் குழாய் விவகாரம் இன்னும் தீரவில்லை. ஓடையின் மேல்பகுதியிலேயே ஹோஸைப் போட்டுத் தன் வயலுக்கு மட்டும் இழுத்துக்கொள்வது மலை முழுக்கப் பரவிவிட்டது. குழாயில் கசிவு இல்லை, முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. போடுபவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பத்துப் பேர் போட்டால் ஓடையில் வாய்க்காலுக்கு விட ஒன்றும் மிஞ்சாது, குழாய் வாங்க வசதி இல்லாதவர் வயல் காயும். குழாய் வைத்திருப்பவர்களும் வாய்க்கால் முறைக்குள் வர வேண்டும், அவர்கள் எடுக்கும் அளவும் நோட்டில் ஏற வேண்டும் என்பது என் கருத்து. ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று பார்த்தாலே ஒரு குழாய் எவ்வளவு எடுக்கிறது என்று தெரிந்துவிடும். நான்கு பேர் அளக்கச் சம்மதித்திருக்கிறார்கள். மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருடம் புரட்டாசி முதல் வாரத்தில், ஐப்பசி மழைக்கு முன், மூன்று நாள் வாய்க்காலை அடைக்கிறோம். முதல் நாள் முளை அடித்து மட்டம் பார்ப்பது, நண்டு வளைகளுக்குக் குச்சி நடுவது. இரண்டாம் நாள் தூர். மூன்றாம் நாள் கசிவுத் துளைகளைக் குத்தித் திறப்பது, கம்பித் தட்டியை மாற்றுவது, சாயங்காலம் மெதுவாகத் தண்ணீர் விடுவது. வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். பெண்கள் வந்தாலும் ஆண்கள் வந்தாலும் கணக்கில் ஒரே ஆள்தான். மண்வெட்டி, சட்டி, பழைய சிமென்ட் சாக்கு நான்கு கொண்டு வாருங்கள். முதல் நாள் எல்லோரும் கூட வேண்டிய இடம் கடைசி வயல், காலை ஆறு மணி.